சேலம் பக்கம் கோல்ஃப் ஆடுபவர்கள் உண்டா? மட்டை வீசும் தாளத்துக்கு (டெம்போ) யோசனை வேண்டும்

வணக்கம். ஏற்காடு அடிவாரத்தில் நண்பரின் மாந்தோப்பில் வலை கட்டிப் பழகி வருகிறேன். நடுத்தர தூரத்துக்கான ஏழாம் எண் அயர்ன் மட்டையில் பிரச்சினை இல்லை. அதிக தூரம் அடிக்கும் நீளமான மட்டையான டிரைவரை எடுத்தால்தான் டெம்போ கலைகிறது. மட்டை மேலே போய் முடிவதற்குள் வலது தோள் முன்னால் பாய்ந்துவிடுகிறது. பந்து மட்டைத் தலையின் குதிப்பக்கம், அதாவது தண்டை ஒட்டிய பக்கம் பட்டு வலையின் இடது ஓரத்துக்குப் போகிறது.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலருக்கு, மட்டையை மேலே தூக்கும் நேரம் கீழே இறக்கிப் பந்தைத் தொடும் நேரத்தைப்போல் சுமார் 3 மடங்கு. நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் வீடியோவில் தூக்க 24 ஃபிரேம், இறக்க 8 ஃபிரேம் என்று வரும். தொழில்முறை ஆட்டக்காரர்களில் எர்னி எல்ஸ் மட்டை வீசுவது நிதானம், நிக் பிரைஸ் படு வேகம். இருவருமே பெரிய பட்டங்கள் வென்றவர்கள். அதனால் "மெதுவா அடி" என்பது மட்டும் எனக்குப் போதவில்லை.

போனில் சீரான தாளத்தில் டிக் டிக் என்று ஒலிக்கும் மெட்ரோனோம் ஓடவிட்டு வெறும் மட்டையைச் சுழற்றினால் கணக்கு சரியாக வருகிறது. பந்தை வைத்ததும் கை முந்திக்கொள்கிறது. இதற்கு நீங்கள் என்ன பயிற்சி செய்தீர்கள்? கால்களைச் சேர்த்து வைத்து அடிப்பதா, உச்சியில் ஒரு கணம் நிறுத்தி இறக்குவதா?

அப்புறம், நேரில் பார்த்துத் திருத்தக்கூடியவர் சேலத்தில் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கோவை வரைக்கும் வரத் தயார்.