வாகை மேசை விரிசல்: புதுப்பிப்பு

சித்திரைத் திருவிழா சமயத்தில், ஆனையூர் வீட்டுக்குச் செய்து கொடுத்த ஆறடி வாகை மேசை நடுராத்திரி 'டப்'பென்று பிளந்தது என்று எழுதியிருந்தேன். அதன் மிச்சக் கதை இது.

தப்பு மரத்தில் இல்லை, என்னிடம்தான். மரம் நீளத்தில் சுருங்குவது பேருக்குத்தான். ரேகைக்குக் குறுக்கே, அதாவது அகலத்தில்தான், சுருங்கும், உப்பும். நானோ மேல்பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு நாலு பக்கமும் ஸ்குரூ போட்டு இறுக்கியிருந்தேன். அடித்த வெயிலுக்குச் சுருங்க வழியில்லை, பிளந்துவிட்டது. பக்கத்துப் பட்டறைப் பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பலகை அசைய இடம் விடாம இப்படியா முடுக்குவ?" என்றார். வாயே திறக்கவில்லை நான்.

மரத்தூளையும் பசையையும் கலந்து அடைத்துவிடச் சொன்னீர்கள் பலர். ஐப்பசி மழைக்குப் பலகை உப்பும்போது அந்த அடைப்பே அதை நெட்டித் தள்ளும். அதனால் அடைக்கவில்லை. மூன்று வாரம் நிழலில் காயவிட்டு, விரிசல் வழியே அறுத்து, இரண்டு ஓரத்தையும் வெளிச்சம் புகாதபடி இழைத்து ஒட்டினேன். அகலத்தில் அரை அங்குலம் போச்சு. சட்டத்தில் இருந்த வட்டத் துளைகளைக் குறுக்குவாக்கில் 12 மி.மீ. நீளத்துக்கு உளியால் இழுத்துவிட்டேன். இப்போது ஸ்குரூ பிடிக்கவும் செய்யும், நகரவும் செய்யும்.

போன வாரம் மேசை வீடு திரும்பியது. டெம்போ வாடகை என் கணக்கு. அந்த வீட்டு அக்கா ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ரேகைன்னே நினைச்சுக்கிறேன்" என்றார்.