சூட்டில் ஸ்டார்ட் ஆகாத டர்போ டீசல்: வழி சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் 2 லிட்டர் டர்போ டீசல் கார் காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. சூடானபின் நிறுத்தினால் சில நேரம் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிப்பதில்லை. எஞ்சின் சுற்று வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளும் அசையாது. ஆறவிட்டால் சரி. எஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

அப்புறம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஹில்டனுக்கு ஏறும் டவுன் ஹில் சாலையில் இழுவை திடீரென்று போய்விடுகிறது. சாவியை அணைத்துப் போட்டால் திரும்பி வருகிறது. ஸ்கேனரில் பி0299 என்ற கோளாறு எண் வருகிறது, அதாவது பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) குறைவு. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களில் கசிவு இல்லை. வேக்குவம் ஹோஸ், பூஸ்ட் கண்ட்ரோல் வால்வு இன்னும் பார்க்கவில்லை. பட்டறையில் டர்போவையே மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு செலவுக்கு முன் எதைச் சோதிக்கலாம்? இரண்டுக்கும் ஒரே எர்த் (பாடியோடு சேரும் மின் இணைப்பு) கோளாறு காரணமாகுமா? அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக இந்த கார்தான் இருக்கிறது. அனுபவமுள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.