சங்கிலி போட்ட கேட்டைத் தாண்டிப் போன நீலக் கோடு: தமிழக-கேரள எல்லையோரத்து மேப் அனுபவங்கள்

குமுளி ஜீப் ஓட்டுநர்:

போன வருஷம் மார்கழியில், ராத்திரி ஒன்றரை மணிக்கு மாமா போன் பண்ணினார். வண்டிப்பெரியாற்றுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவருக்கு வாட்ச்மேன் வேலை. "மாப்ள, ஒரு சாமி வேன் நம்ம கேட்டு முன்னாடி வந்து மாட்டிக்கிச்சு. பின்னாடியும் எடுக்க முடியல. சின்னப் புள்ளைங்க இருக்குக. ஜீப்ப எடுத்துட்டு வா."

போனேன். பனிமூட்டத்தில் நீட்டின கை தெரியவில்லை. வேனின் இடது பின்சக்கரம் ஓரத்து வாய்க்காலில் இறங்கியிருந்தது. முன்னால் இரண்டு கல்தூணுக்கு நடுவே சங்கிலி, அதில் பூட்டு. ஓட்டுநருக்கு என் அப்பா வயது, நாமக்கல் பக்கம். போனை என்னிடம் நீட்டினார். மேப் ஆப் காட்டின நீலக் கோடு சங்கிலியைத் தாண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. "ரோடுன்னுதான் தம்பி காட்டுச்சு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். உள்ளே ஒரு பையன், ஏழு வயசு இருக்கும், இருமுடியை மடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருந்தான். கயிறு கட்டி இழுத்து, வேனைத் திருப்பி, மெயின் ரோட்டில் கொண்டுவந்து விடும்போது மணி மூன்றரை.

அது எந்த ஆப் என்பது முக்கியமில்லை. எல்லாவற்றிலும் இந்தக் குறை இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் எஸ்டேட் டிராக்டர் பாதையும் பஞ்சாயத்து ரோடும் ஒரே மாதிரிதான் தெரியும். எங்கோ மேசையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்துக் கோடு போடுகிறவருக்கு இரண்டும் ஒன்று. கோடு விழுந்துவிட்டால் ஆப் தூரத்தையும் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, குறைவாக வருவதைக் காட்டிவிடும். சங்கிலியும் பூட்டும் அந்தக் கணக்கில் வராது. அங்கே போய் நின்றவனுக்குத்தான் அது தெரியும். நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

மறுவாரம் பகலில் போய் கேட்டைப் போட்டோ எடுத்தேன். அந்த வேன்காரர் வைத்திருந்த ஆப்பிலேயே தவறைத் தெரிவிக்கும் இடத்தில் 'தனியார் சாலை' என்று போட்டு அனுப்பினேன். இரண்டு தடவை ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது தடவை படத்தையும் சேர்த்து அனுப்பிய பிறகு கோடு போய்விட்டது. அதோடு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலும் திருத்தினேன். அது 2004-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்த பொது வரைபடம், யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கித் திருத்தலாம். சங்கிலி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து 'பேரியர்: கேட்' என்று கொடுக்கணும், அதற்கு மேலே போகும் பாதைக்கு 'ஆக்சஸ்: பிரைவேட்', அதாவது தனியார் வழி. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் என்கிற ஆப்கள் இரண்டும் இந்த வரைபடத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன. புது வரைபடத்தை இறக்கிப் பார்த்தபோது வழி ஹைவேயிலேயே போனது.

இதில் நான் செய்த ஒரு தவறையும் சொல்லணும். முதலில் அவசரப்பட்டு மெயின் ரோட்டிலிருந்தே பாதை முழுவதையும் தனியார் என்று போட்டுவிட்டேன். ஆனால் கேட்டுக்குக் கீழே முக்கால் கிலோமீட்டரில் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கின்றன, முப்பது குடும்பம். ஆட்டோ, ஸ்கூல் ஜீப், கேஸ் வண்டி எல்லாம் அதுவரை போகும். ரத்தப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்க வந்த பையன் ஒருவன் வழி கிடைக்காமல் திரும்பிப் போனான் என்று மாமா சொன்ன பிறகுதான் புரிந்தது. பாதையை கேட்டில் இரண்டாக வெட்டி, மேல்பகுதிக்கு மட்டும் பிரைவேட் என்று மாற்றினேன். கரடுமுரடான பாதையை எல்லாம் மூடிவிடாதீர்கள். அதை நம்பி ஜனங்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, சபரிமலை சீசனில் கூட்டம் ஏறினால் இங்கே ஒருவழி ஆக்கிவிடுவார்கள். கம்பத்திலிருந்து போகிற வண்டிகள் கம்பம்மெட்டு, கட்டப்பனை, குட்டிக்கானம் வழியாகப் போகணும். வருகிற வண்டிகள் வண்டிப்பெரியாறு, குமுளி வழியாக இறங்கணும். ஆப் இதை அறியாமல் குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப் வழியே ஏறச் சொல்லும். போலீஸ் திருப்பிவிட்டாலும், 'யூ டர்ன் எடுங்கள்' என்று பத்து கிலோமீட்டருக்குச் சொல்லிக்கொண்டே வரும். இது கூட்டத்தைப் பார்த்து அன்றன்றைக்கு மாறுகிற உத்தரவு, அதனால் நிரந்தர வரைபடத்தில் எழுதக் கூடாது. தற்காலிகமாக சாலை மூடல் என்று தேதியோடு தெரிவிக்கும் வசதி இருக்கிற ஆப்களில் நான் அன்றைக்கே போட்டுவிடுகிறேன்.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். அதை எப்படிச் சரி செய்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் மற்றவர்களுக்கு உதவும்.

பொள்ளாச்சி டாக்ஸி ஓட்டுநர்:

அண்ணா, எங்களுக்குப் பரம்பிக்குளம்தானுங்க பெரும்பாடு. இடம் கேரளா, பாலக்காடு ஜில்லா, முதலமடை ஊராட்சி. ஆனா வண்டி போற ரோடு நம்ம பக்கந்தான்: பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப், அப்புறம்தான் கேரளா செக்போஸ்ட். பாலக்காட்டுல இருந்து வர்றவங்களுக்கு இது நம்ப முடியாது. "நம்ம ஜில்லாவுக்குப் போக ஏன் தமிழ்நாட்டுக்குள்ள போகணும்?"னு கேப்பாங்க.

ரெண்டு வருசம் முன்னாடி ஒரு குடும்பம் சொந்தக் காருல முதலமடைப் பக்கமா போயிருக்காங்க. மாந்தோப்பு தாண்டி, காட்டோரம் வரைக்கும் ஆப் கூட்டிட்டுப் போயிருக்கு. மேல போக வழியில்ல. அங்கிருந்து திரும்பி, பொள்ளாச்சி வந்து, சேத்துமடை வரும்போது சாயங்காலம் ஆயிருச்சு, கேட்டு மூடிட்டாங்க. அந்தக் குடும்பத்துப் பாட்டி செக்போஸ்ட் திண்ணையில உக்காந்துட்டு இருந்தாங்க, பாவம். என்னைக் கூப்பிட்டாங்க, ஆனைமலையில ரூம் போட்டுக் குடுத்தேன்.

செக்போஸ்டை மேப்புல புள்ளி வச்சிருக்காங்க, ஆனா நேரம் போடல. எந்த நேரம் திறப்பாங்க, எப்ப மூடுவாங்கன்னு போர்டைப் போட்டோ எடுத்து நான் சேர்த்துவிட்டேன். வால்பாறையில இருந்து மளுக்கப்பாறை வழியா அதிரப்பள்ளி இறங்குற ரோடும் இதே கதைதான், ராத்திரி விடமாட்டாங்க. 2024 ஜூலையில கூகுள் மேப்ஸ், காருக்கு ஒடுக்கமான ரோட்டைத் தவிர்க்கிற வசதியை 8 நகரத்துல கொண்டு வந்தாங்க, அதுல கோயம்புத்தூரும் ஒண்ணு. அதே மாதிரி காட்டு கேட்டுக்கும் ஒரு வசதி வரணும்ங்க. கிளம்புறப்பவே 'நீங்க போய்ச் சேரும்போது இந்தக் கேட்டு மூடியிருக்கும்'னு சொல்லிட்டா, எத்தனை குடும்பம் நிம்மதியாப் போகும்!

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:

பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரை நாங்கள் கொழிஞ்சாம்பாறை என்கிறோம். ஆப்பின் குரல் 'கோஜின்ஜம்பரா' என்கிறது. ஆங்கில எழுத்தில் 'ழ'வுக்கு 'zh' என்று இரண்டு எழுத்துப் போட்டிருப்பதை இயந்திரம் அப்படியே வாசித்துவிடுகிறது. என் அம்மாவுக்கு எழுபது வயது, காதால் கேட்டுத்தான் வழி தெரிந்துகொள்வார். தன் ஊர்ப் பெயரே அவருக்குப் புரியவில்லை. அன்றைக்கு ஆட்டோவில் உட்கார்ந்தபடி என் முகத்தைப் பார்த்து, "இது எந்த ஊரைச் சொல்லுது கண்ணு?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் ஊருக்குப் பல மொழிகளில் பெயர் எழுதலாம். மலையாளத்துக்கு ஒரு வரி, தமிழுக்கு ஒரு வரி, ஆங்கிலத்துக்கு ஒரு வரி. எங்கள் பகுதியில் தமிழ் வரி பெரும்பாலும் காலியாகவே இருந்தது. கோடை விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து வேலந்தாவளம், வண்ணாமடை, நாட்டுக்கல் என்று ஒவ்வொன்றாகப் போட்டேன். ஆஸ்மாண்டில் வரைபட மொழியைத் தமிழ் என்று வைத்தால் இப்போது இந்த ஊர்கள் தமிழில் தெரிகின்றன. மலையாளப் பெயரில் கை வைக்கவில்லை. அது அவர்களுடைய பெயர், அது அப்படியே இருக்க வேண்டும். இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் எங்கள் ஊரின் நிலவரம். கடைப் பலகையிலும் அப்படித்தான் இருக்கிறது.

சித்தூர் என்று தேடுகிறவர்கள் கவனியுங்கள். எங்கள் தாலுகா சித்தூர், பாலக்காடு மாவட்டம். ஆந்திராவிலும் ஒரு சித்தூர் இருக்கிறது. மகளுக்கு வரன் பார்க்க வந்த ஒரு வீட்டார் ஓசூரில் கிளம்பும்போது ஆப் ஆந்திராவுக்குத் திருப்பிவிட்டது. நல்லவேளை, கிருஷ்ணகிரி தாண்டும்போதே சம்பந்தி வீட்டில் யாரோ கேட்டுவிட்டார்கள்.

கூடலூர் திராட்சை வியாபாரி:

டீச்சர் சொன்னது அப்படியே எங்களுக்கும். தேனி மாவட்டத்துக் கூடலூர் கேரள எல்லையில் இருக்கிறது, நீலகிரிக் கூடலூரும் கேரள எல்லையில்தான். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூர் வண்டிகள் வருவது கூடியிருக்கிறது. ஒரு மினி லாரிக்காரன் மேட்டுப்பாளையம் வரை போய்விட்டு, "அண்ணே, ஊட்டி மலை ஏறணுமா?" என்று கேட்டான். அறுத்து வைத்த பழம் மறுநாள்வரை தோட்டத்தில் கிடந்தது. இப்போதெல்லாம் யாருக்கும் ஊர்ப் பெயரைச் சொல்வதில்லை. தோட்டத்தில் நின்று லொகேஷனை அனுப்பிவிடுகிறேன், கூடவே பின்கோடும்.

மூணாறு நர்ஸ்:

லயத்தில் வீட்டு நம்பர் இருக்கும், தெரு இருக்காது. எஸ்டேட் பெயர், டிவிஷன் பெயர், லயத்து நம்பர், அவ்வளவுதான் விலாசம். ஒரே எஸ்டேட்டில் மூன்று டிவிஷன், அதாவது பிரிவு, மூன்றிலும் ஐந்தாம் நம்பர் லயம். போன மழைக்காலத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுத்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டார்கள். வந்த வண்டி எஸ்டேட் பெயரை வைத்துத் தேடி ஃபேக்டரி வாசலில் போய் நின்றது, ஏனென்றால் மேப்பில் எஸ்டேட்டுக்கு ஒரே ஒரு புள்ளிதான், அதுவும் ஃபேக்டரியில். அங்கிருந்து அவர்கள் டிவிஷன் ஆறு கிலோமீட்டர். பெண்கள் நாலு பேர் போர்வையில் தூக்கிக்கொண்டு பாதி வழி இறங்கி வந்தார்கள். தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் ஒரு வேலை செய்கிறேன். தடுப்பூசிக்குப் போகும் லயத்தில் எல்லாம் டிஜிபின் எடுத்து, தாய் சேய் அட்டையின் பின்னால் எழுதிக் கொடுக்கிறேன். 2025 மே மாதம் தபால் துறை கொண்டுவந்தது இது. நாடு முழுவதையும் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 10 எழுத்தும் எண்ணுமாகச் சேர்ந்த ஒரு குறியீடு. போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் இடத்தைக் காட்டும், அதற்கு சிம் கூட வேண்டாம். இது பலருக்குத் தெரியவில்லை. சிக்னல் இல்லை என்றதும் போனை உள்ளே வைத்துவிடுகிறார்கள்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள். டவர் வேலை செய்யவில்லை, வெளியில் தகவல் போக மறுநாள் காலை ஆனது. அங்கே இருந்தவர்கள் நம் ஆட்கள், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். மேப்பில் ஒரு புள்ளி அந்த மண்ணை நிறுத்தியிருக்காது. ஆனாலும் ஒவ்வொரு லயமும் வரைபடத்தில் அதன் பெயரோடு இருக்கணும் என்று எனக்கு அன்றிலிருந்து தோன்றிக்கொண்டே இருக்கிறது.

செங்கோட்டை லாரி ஓட்டுநர்:

ஆப் பெரும்பாலும் காருக்குக் கணக்குப் போட்டுத்தான் வழி சொல்லுது. ஆரியங்காவு பக்கம் வைக்கோல் லோடோடு குறுக்கு வழியில் போய் ரயில் பாலத்துக்கு அடியில் நின்றுவிட்டேன். லோடைப் பாதி இறக்கித்தான் பின்னால் எடுத்தேன். ஆஸ்மாண்டில் லாரி என்று தேர்ந்தெடுத்து உயரம், எடை கொடுக்கலாம். ஆனால் பாலத்தின் உயரத்தை யாராவது வரைபடத்தில் எழுதியிருந்தால்தான் அது பலிக்கும். பாலத்துப் போர்டில் போட்டிருக்கிற உயரத்தைப் பார்த்து எழுதிவிடுங்க.

குமுளி ஜீப் ஓட்டுநர்:

எல்லோருக்கும் நன்றி. டாக்ஸி அண்ணா, கேட்டு நேரத்தை வரைபடத்தில் எழுத இடம் இருக்கிறது, ஆனால் எல்லா ஆப்பும் வழி போடும்போது அதைப் படிப்பதில்லை. ஆகவே புள்ளியின் பெயரிலேயே 'வனத்துறை சோதனைச் சாவடி' என்று தெளிவாக இருந்தால், பார்க்கிறவர் ஒருதடவை விசாரிப்பார்.

லோயர் கேம்ப் ஏற்றத்தில் அம்புக்குறி மேல் வளைவுக்குத் தாவுகிறதே என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். திறந்த வானத்தில் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் சொல்லும். மலைச் சரிவிலும் மரத்தடியிலும் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் அது இருபது முப்பது மீட்டர் கூடத் தள்ளிப்போகும். கொண்டை ஊசியில் அடுத்த ரோடே அவ்வளவு தூரத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் போனைப் பார்க்காமல் ரோட்டைப் பாருங்கள். மழையில் இன்னும் கவனம் வேணும். 2024 மே மாதம் கோட்டயம் மாவட்டம் குறுப்பந்தறையில், ஹைதராபாத்திலிருந்து வந்த நான்கு பேரின் கார் மேப்பைப் பார்த்துப் போய் ஓடைக்குள் இறங்கிவிட்டது. நாலு பேரும் உயிர் தப்பினார்கள். தண்ணீர் ரோட்டை மூடியிருப்பதை எந்த ஆப்பும் பார்க்காது.

நர்ஸ் அக்கா, உங்கள் டிவிஷன்களில் லயத்து நம்பர்களை வரைபடத்தில் ஏற்ற நான் வருகிறேன். தை பிறந்து சவாரி குறைந்ததும் இரண்டு நாள் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன், டீசல் என் பொறுப்பு. லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் கூட வந்தால் போதும், எந்த நம்பர் எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த சீசனில் மாமாவிடம் கேட்டேன். கேட்டுக்கு வேன் ஒன்றும் வரவில்லையாம். ஒரே ஒரு பைக் மட்டும் போன வாரம் வந்து, தூணுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒற்றையடிப் பாதை வழியாக உள்ளே போயிருக்கிறது. அந்தப் பாதையை நான் வரையவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய் நடந்து பார்க்கணும்.