களிமண் ரோட்டுக்கு ஒரு வழி சொல்லுங்க

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. பெங்களூர் சர்ஜாப்பூர் பக்கம் சைட் இன்ஜினியரா இருக்கேன். ஏரிக்குக் கீழே பழைய வயல்ல 400 மீட்டர் ரோடு போடணும். கறுப்புக் களி. ரோலர் முன்னால போனா பின்னால மண் மெத்தை மாதிரி எழும்புது. போன வாரம் டிப்பரோட பின் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிருச்சு, ஜேசிபி வெச்சுதான் இழுத்தோம்.

மண்ணை நாலு நாள் தண்ணியில ஊறவெச்சுப் பார்த்த சிபிஆர் (மண் எவ்வளவு பாரம் தாங்கும்னு காட்டுற அளவு) 2 சதவீதம். எனக்குக் குறைஞ்சது 5 வேணும். களியை வெட்டி எடுத்து கிராவல் கொட்டுன்னு கான்ட்ராக்டர் சொல்றார். அந்தக் களியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுறது? இன்னொரு ஏரியிலயா?

ராய்ச்சூர் அனல் மின் நிலையத்து சாம்பல் கலக்கலாமான்னு யோசிக்கிறேன். நம்ம ஊர் நிலக்கரிச் சாம்பல்ல சுண்ணாம்புச் சத்து கம்மி, தனியா இறுகாது. அதனால 3 சதவீதம் சுண்ணாம்பு சேர்த்து ஒரு தட்டுல கலந்து பார்த்தேன். விரல்ல ஒட்டின களி மறுநாள் காலையில பொலபொலன்னு உதிருது! ஆனா பலம் ஏற வாரக்கணக்காகும், மழை காத்திருக்காதே.

பல்லாரி ஸ்டீல் ஆலைக் கசடை அரைச்ச பொடி சீக்கிரம் இறுகுமா? யாராவது களியில போட்டிருக்கீங்களா? மண்ணுல சல்பேட் இருந்தா சுண்ணாம்போட சேர்ந்து உப்பிரும்னு பயம், அதுக்கு டெஸ்ட் குடுத்திருக்கேன். கலக்குறதுக்கு டிராக்டர் ரோட்டவேட்டர்தான் இருக்கு. 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரே சீராக் கலக்குமா?

செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க, போட்டோ இருந்தா இன்னும் நல்லது.