பெரியவர்களுக்கான சிறையில் இருக்கும் சிறுவனுக்குச் சட்ட உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் வளர்ந்த, அறிவுசார் குறைபாடுள்ள 17 வயதுச் சிறுவன் சிறிதளவு கஞ்சா வைத்திருந்ததாகக் கைதாகி, வயது 19 என்று பதிவானதால் பெரியவர்களுக்கான சிறையில் இருக்கிறான். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவுப்படி, வயதுக்குப் பள்ளிச் சான்றிதழையே முதலில் பார்க்க வேண்டும். அதுவும் உள்ளாட்சியின் பிறப்புச் சான்றிதழும் இல்லாதபோது மட்டுமே எலும்புப் பரிசோதனை. பள்ளிச் சான்றிதழ் அவனுடைய தாயாரிடம் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவன் என்ற கோரிக்கையை வழக்கு முடிந்த பின்னரும் எழுப்பலாம் என்று அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு சொன்னாலும், கேட்ட கேள்விக்குக் கோவையாகப் பதில் சொல்லத் தெரியாத பிள்ளையை அங்கே காத்திருக்க வைப்பது கொடுமை.

சிறார் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் வாதாடிய அனுபவமுள்ள வழக்கறிஞர் எவரையேனும் தெரிந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். போதைப் பழக்கத்துக்குத் தாமாக முன்வந்து சிகிச்சை பெறுவோருக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து அளிக்கும் விலக்கு இவனுக்குப் பொருந்துமா என்பதையும், சிறார்களைச் சேர்த்துக்கொள்ளும் அரசு அங்கீகாரம் பெற்ற போதை மீட்பு மையம் எது என்பதையும் அறிந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.