சமன்பாடும் சார்பும் ஒன்றா, வேறா?

கயல்அம்மா:
மகள் பத்தாம் வகுப்பு. கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே 'உறவுகளும் சார்புகளும்'. ஒய் = 2எக்ஸ் + 3 என்பதை போன வருடம் நேரியல் சமன்பாடு என்று படித்தாள், இப்போது அதையே சார்பு என்கிறார்கள். "ரெண்டும் ஒண்ணாம்மா?" என்று கேட்டாள், நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் அவள் நோட்டைப் பார்த்தால் எக்ஸ்² + ஒய்² = 25 சார்பு இல்லை என்று எழுதியிருக்கிறாள். அதுவும் சமன்பாடுதானே? தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேனோ என்று மனசு கேட்கவில்லை.

டியூஷன்சார்:
வேறு வேறுதான் அக்கா. சமன்பாடு என்பது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமம் என்று சொல்வது, அவ்வளவுதான். சார்பு என்பது ஒரு விதி. மதிப்பகத்தில் (அதாவது எக்ஸுக்குப் போட அனுமதித்த எண்களின் தொகுப்பில்) இருந்து எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஒரே ஒரு விடை வந்தாக வேண்டும். எக்ஸ்² + ஒய்² = 25 என்பதை வரைந்தால் வட்டம் வரும், அதில் எக்ஸுக்கு 3 போட்டுப் பாருங்கள், ஒய் 4 ஆகவும் இருக்கலாம், −4 ஆகவும் இருக்கலாம், அதனால் சார்பு இல்லை. மேல் பாதியை மட்டும் எடுத்தால் சார்பாகிவிடும். ஒய் = 2எக்ஸ் + 3 என்பது ஒரு சார்பைச் சமன்பாடாக எழுதிக் காட்டுவது, குழப்பம் அங்கேதான்.

பழையமாணவன்:
எனக்கு இது புரிந்தது ஆட்டோ மீட்டரில்தான். 2013-ல் சென்னைக்கு அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டர் வரை 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். தூரத்தைச் சொன்னால் கட்டணம் ஒன்றுதான் வரும், ஆக அது சார்பு, ஆனால் ஒரே வரிச் சூத்திரத்தில் அடங்காது, இரண்டு துண்டாகத்தான் எழுத வேண்டும். இப்போது "கையில் 85 ரூபாய் இருக்கிறது, எவ்வளவு தூரம் போகலாம்?" என்று கேட்டால் அது சமன்பாடு. 85-ல் 25 போக 60, அதை 12-ஆல் வகுத்தால் 5, கூட 1.8, மொத்தம் 6.8 கிலோமீட்டர். விதி சார்பு, அந்த விதியிடம் விடையைக் கொடுத்து எண்ணைத் திருப்பிக் கேட்பது சமன்பாடு. எல்லாச் சமன்பாடும் இப்படி வராதுதான், ஆனாலும் பள்ளியில் பார்ப்பதில் பெரும்பாலானவை இப்படித்தான்.

குழந்தை குழம்புவது தப்பே இல்லை. கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்டு சமக்குறியை (=) அச்சில் கொண்டுவந்தது 1557-ல், சார்புக்கு நாம் இன்று எழுதும் எஃப்(எக்ஸ்) குறியீட்டை ஆய்லர் என்ற இன்னொரு கணித அறிஞர் எழுதியது 1734-ல். நடுவில் 177 வருடம்.

கயல்அம்மா:
ஆட்டோ கணக்கை ராத்திரி போட்டுக் காட்டினேன் தம்பி. 85 ரூபாய்க்குச் சட்டென்று சொல்லிவிட்டாள். 25 ரூபாய்க்கு எவ்வளவு தூரம் என்று கேட்டேன், 1.8 என்று எழுதினவள் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடியே இருந்துவிட்டு, "அரை கிலோமீட்டர் போனாலும் 25 தானேம்மா" என்றாள். 20 ரூபாய்க்கு விடையே இல்லை என்று அவளே சொன்னாள். இதெல்லாம் சரிதானா?

டியூஷன்சார்:
நூற்றுக்கு நூறு சரி அக்கா. சார்பு ஒன்றுதான், ஆனால் அதிலிருந்து வரும் சமன்பாட்டுக்கு ஒரு தீர்வு இருக்கலாம், எண்ணற்ற தீர்வுகள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரே கட்டணத்துக்குப் பல தூரம் வருவதால் இது ஒன்றுக்கொன்றான சார்பு இல்லை. அதே பாடத்தில் கொஞ்சம் தள்ளி அது வரும், அவளையே படிக்கச் சொல்லுங்கள்.