ஷாகுஹாச்சியில் கீழ் ரோ நிற்கவில்லை: உதவி தேவை

வேய்மகன்: வணக்கம். நானே செய்த ஷாகுஹாச்சியில் (ஜப்பானிய மூங்கில் குழல்) கீழ் ஸ்தாயி ரோ, அதாவது எல்லாத் துளைகளையும் மூடி ஊதும் சுரம், நிற்கவில்லை. ஊதிய உடனே மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடுகிறது. சென்ற மாதம் வரை நன்றாகத்தான் ஒலித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் முன் வாசிக்க வேண்டும். தயவுசெய்து விரைவில் வழி சொல்லுங்கள்.

ஏழுகணு: குழலின் நீளம் என்ன? ஜப்பானிய நீள அளவில் ஒரு ஷாகு எட்டு சுன், அதாவது 54.5 செ.மீ. தானா? உள்ளே ஜி என்னும் பூச்சுக் கலவையைப் பூசியிருக்கிறீர்களா? கீழ்த்துளைகளைத் திறந்து ஊதும் ட்சு, ரே சுரங்கள் எப்படி ஒலிக்கின்றன? இவை தெரியாமல் எதுவும் சொல்ல இயலாது.

அரக்குக்கிண்ணம்: உட்துளையின் வடிவத்தில்தான் கோளாறு இருக்கும். செய்தித்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, நனைத்து, உட்சுவரில் ஒவ்வோர் இடமாக ஒட்டி ஊதிப் பாருங்கள். எந்த இடத்தில் ஒட்டும்போது ரோ வலுப்பெறுகிறதோ, அந்த இடத்தில் உருஷி அரக்கில் குழைத்த ஜியைப் பூசித் தேய்த்தால் சரியாகிவிடும்.

நெடுமூச்சு: ரோ வராவிட்டால் குழலைக் குறை சொல்வது தொடக்கநிலையினரின் வழக்கம். இதை இங்கே பலமுறை விளக்கிவிட்டேன், யாரும் தேடிப் படிப்பதில்லை. தினமும் ரோவை மட்டும் நீளமாக ஊதிப் பழகுங்கள். உதடு பக்குவப்படும் முன்பே குழல் செய்ய இறங்குவது தேவையற்ற அவசரம்.

ஏழுகணு: சென்ற மாதம் ஒலித்தது என்று அவரே எழுதியிருக்கிறார், ஐயா. உதடு ஒரே மாதத்தில் பழகியதை மறந்துவிடாது.

கணுக்காவலர்: ஜி பூசச் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஃபுகே என்னும் ஜென் பௌத்தப் பிரிவு 1871இல் ஒழிக்கப்படும் வரை அதன் கோமுசோ துறவிகள் ஊதிய குழல்கள் பலவற்றில் கனத்த உட்பூச்சு இருந்ததில்லை. மூங்கிலின் இயல்பான உட்சுவரும், கணுக்களில் விடப்படும் மேடும் சேர்ந்துதான் அந்தக் கரகரப்பான, ஆழமான நாதத்தைத் தருகின்றன.

அரக்குக்கிண்ணம்: தனியாக ஊதுவோருக்கு அது பொருந்தும். கோட்டோ, ஷாமிசென் ஆகிய தந்திக் கருவிகளுடன் சேர்ந்து வாசிக்கும்போது சுருதி விலகினால் கேட்பவர் பொறுக்கமாட்டார். உட்துளையைத் துல்லியமாக வடிவமைக்க ஜியைவிட நல்ல வழி இல்லை.

கணுக்காவலர்: கேட்டவர் சுருதியைப் பற்றிக் கேட்கவில்லையே.

வேய்மகன்: ஒரு ஷாகு எட்டு சுன் அளவுதான், மதாகே மூங்கில், ஜி இல்லை. ட்சு, ரே இரண்டும் முன்போலவே ஒலிக்கின்றன. தோக்கியோவில் இருக்கிறேன். குளிருக்காக அறையில் நாள் முழுவதும் வெப்பக்காற்று ஓடுகிறது. குழல் அலமாரியின் மேல் திறந்தபடி இருக்கும்.

ஏழுகணு: முதலிலேயே தேவைப்பட்ட விவரம் இதுதான். தோக்கியோவின் குளிர்காலக் காற்றே வறண்டது. அதில் சூடேற்றிய அறையும் சேர்ந்தால் மூங்கில் சுருங்கி வெடிக்கும். கட்டைவிரல் துளையிலோ மேற்பகுதியிலோ காற்று கசிந்தால் ட்சுவும் ரேயும் கெட்டிருக்க வேண்டும். ரோ மட்டும் கெடுவதால், கசிவு அடித்துளைக்கும் வேர் முனைக்கும் இடையில்தான் இருக்கும். அல்லது அடித்துளையை விரல் முழுமையாக மூடாமல் இருக்கலாம். அடித்துளைக்குக் கீழே உள்ள பகுதியைச் சுற்றி, உணவைப் பொதியும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்கமாகச் சுற்றி ஊதுங்கள். ரோ நின்றால் வெடிப்பு உறுதி. அப்படியானால் பசை எதையும் ஊற்றாதீர்கள். ஞாயிறு வரை அந்தத் தாளே போதும். அதன்பின் வெடிப்பை இறுக்கும் நூல் கட்டு போடத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இனிமேல் வாசித்து முடித்ததும் உள் ஈரத்தைத் துடைத்துவிட்டு, பாலித்தீன் உறையில் வைத்துவிடுங்கள்.

நெடுமூச்சு: வெடிப்பாகவே இருந்தாலும் ரோ பயிற்சி வீணாகாது.

வேய்மகன்: தாளைச் சுற்றியதும் ரோ நின்றது. அடித்துளைக்குச் சற்றுக் கீழே, விளக்கின் முன் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் மெல்லிய கோடு இருக்கிறது. ஏழுகணு ஐயா, மிக்க நன்றி. நூல் கட்டுக்கு ஆசிரியரிடமே கேட்கிறேன்.